கட்டுகிறவர்கள் தள்ளிய கரங்கள்: அமெரிக்க நகரங்களின் கட்டடத் தொழிலாளர் கூட்டணிகளும் திருச்சபையும், 1963–1972

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய திராட்சத்தோட்ட உவமையில், பொழுது சாயும் வேளையிலும் கடைத்தெருவில் நிற்கும் மனிதரைத் தோட்டக்காரன் காண்கிறான். நாள் முழுதும் சும்மா நிற்பானேன் என வினவுகிறான். எவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் தந்த விடை. கடைசியில் வந்தவருக்கும் கொடுக்கப்பட்ட ஒரு பணத்தைப் பற்றியே நாம் பிரசங்கம் செய்து பழகிவிட்டோம். அந்த விடையினிடத்தில் நாம் நிற்பதில்லை. ஏன் எவரும் அவர்களை அழைக்கவில்லை? அழைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இக்கேள்விகளை இருபதாம் நூற்றாண்டில் ஒரு மக்கட் கூட்டம் தன் நகரத்துக் கட்டடத் தொழிலை நோக்கி எழுப்பியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்களையே குறிப்பிடுகிறோம். அப்போராட்டத்தில் போதகர்கள் முன்வரிசையில் நின்றனர்; சிறை சென்றனர்; உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டனர்; ஏமாற்றமும் அடைந்தனர். அவ்வரலாற்றின் சில பகுதிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, அந்நாட்டில் கட்டடத் தொழிலாளி ஒருவர் வேலை பெறும் முறையை அறிந்துகொள்ளல் வேண்டும். இதனை அறியாதவருக்குப் பின்வரும் நிகழ்ச்சிகள் விளங்கா. கட்டடம் ஒன்று முடிந்ததும் அதில் உழைத்தவரின் வேலையும் முடிந்துவிடுகிறது. பனிக்காலத்தில் வேலை குறையும். ஆகவே அங்கே தொழிலாளர் நிரந்தரமாக ஓர் ஒப்பந்தக்காரரைச் சார்ந்திராமல், தம் தொழிற்சங்கத்தையே சார்ந்திருந்தனர். குழாய் வேலை, மின் வேலை, தகட்டு வேலை, இரும்புச் சட்ட வேலை என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம் உண்டு. ஒப்பந்தக்காரர் தமக்கு இத்தனை ஆட்கள் தேவை எனச் சங்கத்துக்குத் தெரிவிப்பார். சங்கக் கூடத்தில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலின்படி ஆட்கள் அனுப்பப்படுவர். இம்முறை ஏற்பட்டது நன்மைக்காகவே. ஒப்பந்தக்காரர் தமக்கு வேண்டியவரை மட்டும் அழைத்து, வாய் திறந்து கேட்டவரைப் பட்டினியிடுவதைத் தடுப்பதற்காகத் தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை அது. சங்கங்களைப் பழித்தால் போதும் என எண்ணுவோர் இதனை மறந்துவிடலாகாது.

ஆயினும், பட்டியலில் பெயர் ஏறுவது எப்படி? அங்கேதான் கதவு அடைக்கப்பட்டிருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஆவதற்குச் சில ஆண்டுகள் சங்கம் ஒப்புக்கொண்ட பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு இடங்கள் சிலவே. அவ்விடங்கள் உறுப்பினரின் மக்களுக்கும் உடன்பிறந்தாரின் மக்களுக்கும் சென்றன. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வெப்பக்காப்பு வேலை செய்வோரின் சங்கம் ஒன்று, உறுப்பினரின் புதல்வருக்கும் நெருங்கிய உறவினருக்கும் மட்டுமே இடமளித்து வந்ததை 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. உறுப்பினர் அனைவரும் வெள்ளையராயிருக்க, உறவுமுறை ஒன்றே போதுமானதாயிற்று. கறுப்பருக்கு இடமில்லை என எவரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. சுமை தூக்குதல், கலவை சுமத்தல், மண் வெட்டுதல் ஆகிய கடின வேலைகளில் கறுப்பர் ஏராளமாக இருந்தனர். கூலி மிகுந்த தொழில்களிலோ அவர்களைக் காண்பது அரிது. பிலடெல்பியா நகரைப் பற்றி 1969-இல் தொழில் அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, கட்டடத் தொழில் முழுவதிலும் சிறுபான்மையினர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினராயிருந்தனர். குழாய், மின்சாரம், இரும்பு முதலிய ஆறு தொழில்களில் அவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

இங்கு ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்டலாம். 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் வேலை வாய்ப்பைப் பற்றிய ஏழாம் பகுதி இடம்பெற வேண்டும் என வற்புறுத்தியவர்களுள் நாட்டின் தொழிற்சங்கப் பேரமைப்பின் தலைவர் ஜார்ஜ் மீனியும் ஒருவர். அவர் நியூயார்க்கின் குழாய்த் தொழிலாளர் சங்கத்திலிருந்து எழும்பியவர். அதே 1964-இல், அதே சங்கத்தார், நகரச் சந்தைக் கட்டடம் ஒன்றில் ஒரு கறுப்பரும் மூன்று போர்ட்டோ ரிக்கோ நாட்டவரும் சங்கத்தைச் சேராமல் வேலைக்கு வந்தனர் என்று சொல்லி வேலையை விட்டு வெளியேறினர். மீனி தம் சங்கத்தாரின் பக்கமே நின்றார். சட்டத்தை ஆதரிப்பதும் தன் வாசலைத் திறப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதை இதனின்றும் அறிகிறோம். நம்முடைய திருச்சபை மன்றங்களின் தீர்மானங்களை நினைவிற்கொண்டால் நமக்கு இது வியப்பாயிராது.

புரூக்ளின், 1963

நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஒன்று பொதுப் பணத்தில் விரிவாக்கப்பட்டு வந்தது. அதனைச் சூழ வாழ்ந்த கறுப்பரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் தங்கள் வரிப்பணத்தில் எழும்பும் கட்டடத்தில் தங்கள் கரங்களுக்கு வேலையில்லை என்பதைக் கண்டனர். 1963 ஜூலையில் இனச் சமத்துவப் பேரவையின் புரூக்ளின் கிளையார் மறியலைத் தொடங்கினர். அவர்கள் சிலரே. சில நாட்களில் போதகர்கள் வந்து சேர்ந்தனர். கன்கார்ட் பாப்டிஸ்ட் சபையின் அருள்திரு கார்ட்னர் டெய்லர், கார்னர்ஸ்டோன் பாப்டிஸ்ட் சபையின் அருள்திரு சாண்டி ரே, சைலோவாம் பிரெஸ்பிட்டேரியன் சபையின் அருள்திரு மில்டன் கலாமிசன், பெத்தானி பாப்டிஸ்ட் சபையின் அருள்திரு வில்லியம் ஜோன்ஸ் முதலானோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். டெய்லரின் பிரசங்கத் திறம் நாடறிந்தது. பிரசங்கக் கலை பயிலும் மாணவர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். போதகர் அழைத்தபோது சபையார் வந்தனர். பார வண்டிகள் செல்லும் வாயிலில் ஆடவரும் பெண்டிரும் அமர்ந்தனர், படுத்தனர். 700-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அங்கிருந்த வேலைகளில் 25 விழுக்காடு கறுப்பருக்கும் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கும் உரியதாதல் வேண்டும் என்பதே கோரிக்கை.

ஆகஸ்டு 6-ஆம் நாள் போதகர்கள் ஆளுநர் நெல்சன் ராக்பெல்லரைச் சந்தித்து உடன்பாடு கண்டு மறியலை நிறுத்தினர். 25 விழுக்காடு என்ற கோரிக்கை உடன்பாட்டில் இல்லை. வேற்றுமை பாராட்டுதலைத் தடுக்கும் சட்டம் செவ்வனே நடைமுறைப்படுத்தப்படும்; தகுதியுள்ள கறுப்பரைத் தேடிச் சேர்க்க முயற்சி செய்யப்படும்; இவையே வாக்குறுதிகள். மறியலைத் தொடங்கிய பேரவையினர் தாங்கள் கைவிடப்பட்டதாகக் கொதித்தனர். ஆள் சேர்க்கும் முயற்சி நடந்தது. பெயர் கொடுக்கப் பலர் வந்தனர். வேலை பெற்றவர் மிகச் சிலரே.

இப்போதகர்களைக் கோழைகள் எனக் கூறுதல் தகாது. அவர்கள் சிறை கண்டவர்கள். மறியலுக்கு வரும் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. வாயிலில் காவலருடன் கைகலப்பு நிகழ்ந்தபோது, தங்கள் மந்தையின் மீது இரத்தம் சிந்தப்படுமோ என அஞ்சினர். மேய்ப்பர் அஞ்ச வேண்டிய காரியமே அது. நம்முடைய கருத்தில் அவர்கள் தவறியது வேறோரிடத்தில். மறியலில் படுத்தவருள் குழாய் வேலையோ மின் வேலையோ அறிந்து வேலையின்றி இருந்தவர் எவர், நாளைக் காலையில் சங்கக் கூடத்துக்குச் சென்று நிற்கப் போகிறவர் எவர் என்னும் கணக்கு அவர்களிடம் இல்லை. பேச்சு நடந்த அறையில் அத்தொழிலாளருக்கு இருக்கை இல்லை. ஆளுநரின் வாக்கு நிறைவேறிற்றா என வாரந்தோறும் வேலைத்தளத்துக்குச் சென்று பார்க்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை. பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இக்காலத்திலேயே பிலடெல்பியாவில் சியோன் பாப்டிஸ்ட் சபையின் அருள்திரு லியோன் சல்லிவன் வேறு வழியில் சென்றார். 1960 முதல் 400 போதகர்கள் ஒருங்கே நின்று, கறுப்பரை நல்ல வேலைகளில் அமர்த்தாத நிறுவனங்களின் பொருள்களை வாங்க வேண்டாம் எனச் சபைதோறும் அறிவித்து வெற்றி கண்டனர். கதவுகள் திறந்தபோது பயிற்சி பெற்றவர் போதாமையைக் கண்ட சல்லிவன், 1964-இல் பழைய காவல் நிலையக் கட்டடம் ஒன்றில் தொழிற்பயிற்சி நிலையத்தை நிறுவினார். அது பல நகரங்களுக்கும் பரவியது. ஆயின் ரொட்டி விற்பவனை அசைக்கும் படைக்கலம் கட்டடத் தொழிலை அசைக்காது. இரும்புச் சட்டத்தை எந்தக் குடும்பப் பெண்ணும் கடையில் வாங்குவதில்லை. மேலும், பயிற்சியளிக்கும் உரிமையே சங்கத்தின் கையில் இருக்கும் தொழிலில், வெளியே கற்றவனுக்குக் கற்றதனால் ஆகும் பயன் சிறிது.

சிகாகோவைச் சுருங்கச் சொல்வோம். 1969-இல் அருள்திரு சி. டி. விவியன் தலைமையில் பல அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டணியாகித் தெற்கு, மேற்குப் பகுதிகளின் தெருக்கும்பல்களைச் சேர்ந்த இளைஞரையும் உடன்கொண்டு வேலைத்தளங்களை மூடின. விவியன் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் உடனுழைப்பாளர், 2020-இல் மறைந்தார். 1970 ஜனவரியில் மேயர் ரிச்சர்டு டேலி முன்னிலையில் சங்கங்களும் ஒப்பந்தக்காரரும் கூட்டணியும் உடன்படிக்கை செய்தனர். 4000 சிறுபான்மையினருக்கு வேலையும் பயிற்சியும் என்பது அதன் இலக்கு. அது யாரையும் கட்டுப்படுத்தாத இலக்கு. அடுத்த ஆண்டில் திட்டம் சரிந்தது. அதனை நடத்தும் பொறுப்பில் அமர்த்தப்பட்ட நகர மன்ற உறுப்பினர் திட்டத்தின் பணத்தோடு தலைமறைவாகிப் பின்னர் தண்டனை பெற்றார். கும்பல் இளைஞரைச் சேர்த்தது சரியா என நம் மாணவர் வினவுவதுண்டு. பணப்பெட்டியைக் காத்தவரோ கும்பலைச் சேர்ந்தவரல்லர் என்பதை அவர்களுக்கு நாம் நினைவூட்டுவது வழக்கம்.

சியாட்டில், 1969–1972

நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் 1970-இல் கறுப்பர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே. எண்ணிக்கையில் அவர்கள் சிகாகோவுக்கு ஈடாகார். ஆயினும் இந்நகரத்தின் வரலாறே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது.

இங்கே போராட்டத்தைத் தொடங்கியவர் தொழிலாளரும் அல்லர், போதகரும் அல்லர். கறுப்பினச் சிறு ஒப்பந்தக்காரர்கள். பொதுப்பணித் திட்டங்களில் தங்களுக்கும் தங்கள் ஆட்களுக்கும் இடமில்லை எனக் கண்டு அவர்கள் மத்திய ஒப்பந்தக்காரர் சங்கத்தை அமைத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் டைரி ஸ்காட். கடற்படைத் துருப்பில் பணியாற்றித் திரும்பிய இளைஞர். மின் வேலை கற்றவர். தந்தையாரும் அத்தொழிலில் ஒப்பந்தக்காரர். 1969 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் மருத்துவமனை, பல்கலைக்கழகம் முதலிய பொதுக் கட்டட வேலைகளை அவர்கள் நிறுத்தினர். நவம்பரில் விமான நிலையத்தின் ஓடுபாதையிலேயே நடந்து சென்று கைதாயினர். வெள்ளைத் தொழிலாளரும் பெருந்திரளாக எதிர் ஊர்வலம் நடத்தினர். தங்கள் பிள்ளைகளின் உணவு பறிபோகிறது என அவர்கள் அஞ்சினர். வேலை குறைவாயிருக்கும் காலத்தில் இவ்வச்சம் வெறும் பொய்யன்று. அதைப் பொய்யெனத் தள்ளிய கூட்டணிகள் எதிர்ப்பின் வலிமையைக் குறைத்தே மதிப்பிட்டன.

இதற்கிடையில் மத்திய அரசு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பகுதியின்கீழ்ச் சங்கங்கள் மீது வழக்குத் தொடுத்தது. 1970 ஜூனில் மாவட்ட நீதிபதி வில்லியம் லிண்ட்பெர்க் தீர்ப்பு வழங்கினார். அதில் வெளிப்பட்ட உண்மைகள் கசப்பானவை. 900-க்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட இரும்புத் தொழிலாளர் சங்கத்தில் கறுப்பர் ஒருவரே. வேலைக்கு ஆள் அனுப்புவதில் நண்பருக்கும் உறவினருக்கும் முதலிடம் தரப்பட்டது. வெள்ளையரிடம் கேளாத தகுதிகளைக் கறுப்பரிடம் கேட்டனர். விவரம் அறிய வந்த கறுப்பருக்குத் தவறான விவரம் தந்து திருப்பி அனுப்பினர். சங்கங்கள் ஒழுங்கான பதிவேடுகள் வைத்தல் வேண்டும், கறுப்பருக்கெனத் தனிப் பயிற்சித் திட்டம் தொடங்குதல் வேண்டும் என நீதிபதி ஆணையிட்டார். 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது.

வேறு நகரங்களாயின் வெற்றிக் கூட்டமும் ஸ்தோத்திர ஆராதனையும் நடத்தி வீடு திரும்பியிருப்பர். சியாட்டிலில் அப்போதுதான் ஒரு பிரிவு நேர்ந்தது. ஒப்பந்தக்காரர் விரும்பியது ஒப்பந்தங்களை; தொழிலாளர் விரும்பியது சங்கப் பட்டியலில் இடம். இவ்விரண்டும் ஒன்றல்ல என உணர்ந்த ஸ்காட், ஒப்பந்தக்காரரை விட்டு விலகி, 1970-இல் ஐக்கியக் கட்டடத் தொழிலாளர் கழகத்தைத் தொடங்கினார். அதற்குப் பொருளுதவி செய்தவர் குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தாரின் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழுவினர். 1917-இல் தோன்றி, 1947-இல் பிரிட்டிஷ் நண்பர்களோடு அமைதிக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமைப்பு அது. ஸ்காட்டைத் தங்கள் ஊழியராக ஏற்று ஊதியம் தந்தனர்; தலைமையை அவரிடமும் தொழிலாளரிடமுமே விட்டனர். மறியல் குவேக்கரின் அமைதி நெறிக்கு உகந்ததா என்ற வினா அவர்களுள் எழுந்திருத்தல் இயல்பு. ஆயினும் கொடுத்த பணத்தைக் கொண்டு கடிவாளம் பிடிக்க அவர்கள் முற்படவில்லை. அயல்நாட்டு உதவியைப் பெற்றும் அதன் கணக்குகளை எழுதியும் பல ஆண்டுகள் கழித்த நாம், இவ்வொரு செயலை வியந்து நோக்குகிறோம்.

இக்கழகம் செய்த வேலை ஆரவாரமற்றது. தெருத்தெருவாகச் சென்று ஆட்களின் பெயரைத் திரட்டியது. பயிற்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கணக்குப் பாடம் கற்பித்தது. வேலைத்தளத்தில் ஏச்சுக்குள்ளானவர் மாலையில் வந்து சொல்லி ஆறுதல் பெறவும் இடமிருந்தது. சில வேளைகளில் கட்டடத்தின் உயரத்தில் தனியொரு கறுப்பராய் நின்று வேலை செய்பவருக்கு, கீழே தன்னைக் கணக்கிட்டு நிற்கும் நண்பர் உண்டு என்பதே வேலையை விடாதிருக்கப் போதுமானதாயிற்று. யாரை எந்த நாளில் எங்கே அனுப்பினர், யாரைத் திருப்பினர் என்பவற்றை உறுப்பினரே கண்காணித்தனர். அதாவது, சங்கத்தின் பட்டியலுக்கு எதிரே தங்களுடைய பட்டியல் ஒன்றை அவர்கள் வைத்திருந்தனர்.

நீதிமன்ற ஆணை மெல்லவே நிறைவேறியது. 1972-இல் கழகத்தார் மீண்டும் வேலைத்தளங்களுக்குச் சென்று வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கேட்டது புதியதொரு வாக்குறுதியையன்று. ஏற்கெனவே எழுதப்பட்ட ஆணை நிறைவேறுதலை. அதன் பயனாக, ஆணையைச் செயற்படுத்துவதை மேற்பார்வையிட்ட ஆலோசனைக் குழுவில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. புரூக்ளினில் ஆளுநரின் அறைக்குள் நுழைய இயலாத தொழிலாளி, சியாட்டிலில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மேசையருகே அமர்ந்தார்.

இப்பணி கறுப்பரோடு நின்றுவிடவில்லை. அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த பிலிப்பினோ இளைஞர், இக்கழகத்தின் முறையைக் கற்று 1973-இல் தங்களுக்கும் ஒரு சங்கம் அமைத்து, ஆலை முதலாளிகளின் மீது வழக்குகள் தொடுத்தனர். அவ்விளைஞருள் சில்மே டொமிங்கோ, ஜீன் வியர்னஸ் ஆகிய இருவரும் 1981 ஜூன் 1-ஆம் நாள் சியாட்டிலில் உள்ள தங்கள் தொழிற்சங்க அலுவலகத்திலேயே சுடப்பட்டனர்; அதனால் உயிர் நீத்தனர். அவர்கள் அங்கே மாற்ற முற்பட்டதும் வேலைக்கு ஆள் அனுப்பும் முறையையே. அப்பட்டியலைச் சுற்றிக் கையூட்டும் சூதாட்டக் கும்பலும் வளர்ந்திருந்தன. கடைத்தெருவில் நிற்பவரை அழைக்கும் அதிகாரம் எவ்வளவு விலையுள்ளது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மத்திய அரசின் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். அரசின் பணத்தைப் பெறும் ஒப்பந்தக்காரர் வேற்றுமை பாராட்டாதிருப்பதோடு, சமவாய்ப்பளிக்கத் தாமே முயலவும் வேண்டும் என்னும் 11246-ஆம் எண் ஆணையில் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1965 செப்டம்பர் 24-இல் கையொப்பமிட்டார். அதன் வழியாகவே 1969-இல் நிக்சன் ஆட்சியில் பிலடெல்பியாத் திட்டம் வந்தது. இரும்புத் தொழிலில் 1970-இல் 5 முதல் 9 விழுக்காடு, 1973-க்குள் 22 முதல் 26 விழுக்காடு எனச் சிறுபான்மையினருக்கு ஆண்டுதோறும் ஏறும் இலக்குகளை அது விதித்தது. நீதிமன்றம் 1971-இல் அதனை ஏற்றுக்கொண்டது. வேலைத்தளங்களில் எவரும் படுக்காதிருந்தால் இத்திட்டம் பிறந்திராது என நாம் கருதுகிறோம். இலக்கு எழுதப்பட்ட நகரங்களிலும், அதனை எண்ணிப் பார்க்க மக்கள் இருந்த இடங்களில் ஒரு விதமாகவும், இல்லாத இடங்களில் வேறு விதமாகவும் அது பலன் தந்தது.

டைரி ஸ்காட் 2003-இல் மறைந்தார். அவர் உழைத்த வாஷிங்டன் மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு, அரசு வேலையிலும் ஒப்பந்தங்களிலும் இன அடிப்படையிலான முன்னுரிமையை விலக்கியது. ஜான்சனின் ஆணை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நின்று, 2025 ஜனவரி 21-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்பின் ஆணையால் நீக்கப்பட்டது. தலைவர் ஒருவரின் கையொப்பம் தந்ததை மற்றொருவரின் கையொப்பம் எடுத்துவிட்டது. லிண்ட்பெர்க்கின் தீர்ப்புக்கு அடிப்படையான 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பகுதி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதன்கீழ் வழக்குத் தொடுப்பதற்கு, திருப்பி அனுப்பப்பட்ட நாளையும் இடத்தையும் எழுதி வைத்திருக்கும் தொழிலாளி ஒருவர் வேண்டும்.